மாசிக்காயின் மர்மம் கண்ட மால்பீஜி

கைக்குழந்தை உள்ள வீடுகளில் உரைகல் ஒன்று இருக்கும். குழந்தையைக் குளிப்பாட்டியதும் பாட்டி அந்தக் கல்லில் வசம்பு, சுக்கு, கடுக்காய், ஜாதிக்காய், மாசிக்காய் ஆகியவற்றை ஒவ்வொரு உரை உரைத்து நாக்கில் தடவுவாள். பாலக்காட்டு அங்காடியானாலும் சரி, குமுளி கடைவீதியானாலும் சரி, நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் இந்த ஐந்தையும் ஒரே பொட்டலமாகக் கட்டித் தருவார்கள்.

இவற்றில் வசம்பும் சுக்கும் கிழங்கு வகை. கடுக்காய் காய். ஜாதிக்காய் விதை. ஆனால் மாசிக்காய் பெயரில்தான் காய். அது பூவிலிருந்து பிஞ்சாகி வந்ததல்ல. அதை நட்டால் முளைக்காது. துருக்கி, சிரியா, ஈரான் நாடுகளில் வளரும் ஒருவகை ஓக் மரத்தின் கிளையில் ஒரு சிறு குளவி முட்டையிட்டதன் பயனாக எழுந்த கழலையே மாசிக்காய். கடையில் வாங்கும் மாசிக்காயைக் கூர்ந்து பார்த்தால் சிலவற்றில் குண்டூசி நுழையும் அளவில் வட்டமான துளை ஒன்று தெரியும். உள்ளே வளர்ந்த குளவி கடித்துக்கொண்டு வெளியேறிய வாசல் அது. துளை இல்லாத கனமான காயே உயர்ந்தது என்று வியாபாரிகள் சொல்வதற்கும் காரணம் உண்டு. குளவி வெளியேறுமுன் பறித்த காயில்தான் துவர்ப்புச் சத்து மிகுதி.

இந்த உண்மையை உலகுக்கு முதன்முதலில் தெளிவாக விளக்கியவர் இத்தாலி நாட்டு மருத்துவர் ஒருவர். அவர் பெயர் நமக்குப் புதிதல்ல. உயர்நிலைப் பள்ளியில் கரப்பான் பூச்சியின் படம் வரைந்து பாகங்களைக் குறித்தவர்கள், மால்பீஜியன் குழல்கள் என்று எழுதி மதிப்பெண் வாங்கியிருப்பார்கள். அந்த மால்பீஜிதான் இவர்.

வரப்புத் தகராறும் வாழ்நாள் பகையும்

மார்செல்லோ மால்பீஜி 1628-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 10-ஆம் தேதி, பொலோனா நகருக்கு அருகிலுள்ள கிரெவால்கோரே என்ற ஊரில் பிறந்தார். சொந்த நிலமுள்ள குடும்பம். இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி, இரத்தம் உடலுக்குள் சுற்றி வருகிறது என்று நிறுவிய நூலை வெளியிட்டதும் அதே 1628-ல்தான். இந்த ஒற்றுமை பின்னால் பொருளுள்ளதாயிற்று.

பதினேழு வயதில் மால்பீஜி பொலோனாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1649-ல் தாய், தந்தை, பாட்டி மூவரும் ஒருவர் பின் ஒருவராக இறந்துவிட்டனர். மூத்த பிள்ளையான அவர் படிப்பை நிறுத்திவிட்டு ஊருக்குத் திரும்பித் தம்பி தங்கைகளுக்கும் நிலத்துக்கும் பொறுப்பேற்க நேர்ந்தது. பிறகு மீண்டும் நகரம் சென்று, 1653-ல் மருத்துவப் பட்டம் பெற்றார். அவருடைய ஆசிரியர் மஸ்ஸாரி தம் வீட்டிலேயே சில மாணவர்களைக் கூட்டி, உடலை அறுத்து நேரில் பார்த்துக் கற்பித்து வந்தார். பழைய ஏடுகளை மனப்பாடம் செய்வதே படிப்பு என்றிருந்த காலம் அது. கண்ணால் கண்டதை நம்பு என்ற பாடத்தை மால்பீஜி அந்த வீட்டில்தான் கற்றார். அந்த ஆசிரியரின் தங்கை பிரான்செஸ்காவையே பின்னாளில் மணந்துகொண்டார்.

குடும்பத்துக்கு அடுத்த நிலம் ஸ்பராலியா என்ற குடும்பத்தாருடையது. இரண்டு குடும்பத்துக்கும் எல்லைத் தகராறு. வரப்புச் சண்டை எங்கே கொண்டு விடும் என்பதை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1659-ல் மால்பீஜியின் தம்பி பர்த்தலோமியோ அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரைக் கொன்றுவிட்டார். கொலையுண்டவரின் உறவினரான ஜிரோலமோ ஸ்பராலியா என்பவரும் மருத்துவப் பேராசிரியர் ஆனார். மால்பீஜி எது எழுதினாலும் மறுப்பதே அவருடைய பணி ஆயிற்று. அந்தப் பகை மால்பீஜியின் மரணம் வரை ஓயவில்லை.

தவளையின் நுரையீரல்

1656-ல் பைசா நகரப் பல்கலைக்கழகத்தில் மால்பீஜிக்குப் பதவி கிடைத்தது. அங்கே கணிதப் பேராசிரியர் பொரெல்லியின் நட்பு வாய்த்தது. மூன்றாண்டுகளில் பொலோனாவுக்குத் திரும்பினார். அப்போது கையில் எடுத்த கருவிதான் நுண்ணோக்கி.

ஹார்வி இரத்த ஓட்டத்தை நிறுவினாரே தவிர, இருதயத்திலிருந்து செல்லும் குழாயிலிருந்து இருதயத்துக்குத் திரும்பும் குழாய்க்கு இரத்தம் எவ்வழியே கடக்கிறது என்பதை அவரால் காட்ட முடியவில்லை. 1657-ல் அதைக் காணாமலேயே இறந்தார். 1661-ல் மால்பீஜி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் பார்த்தபோது, மயிரினும் மெல்லிய குழாய்கள் வலைபோல் பின்னி இரண்டையும் இணைப்பதைக் கண்டார். நாம் தந்துகிகள் என்று சொல்வது இவற்றைத்தான். ஹார்வி விட்ட இடத்தை, அவர் நூல் வந்த ஆண்டில் பிறந்தவர் நிரப்பினார்.

1662 முதல் நான்காண்டுகள் சிசிலித் தீவின் மெஸ்ஸினாவில் பணியாற்றினார். அங்கே ஒரு பிரபுவின் தோட்டத்தில் உலாவும்போது செஸ்நட் மரக்கிளை ஒன்று ஒடிந்து தொங்குவதைக் கண்டார். ஒடிந்த இடத்தில் நூல் நூலாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. வேறு யாராயிருந்தாலும் தாண்டிப் போயிருப்பார்கள். அவர் கிளையை எடுத்துச் சென்று நுண்ணோக்கியின் கீழ் வைத்தார். செடிகொடிகளுக்கும் உள்ளமைப்பு உண்டு என்ற ஆராய்ச்சி அங்கே தொடங்கியது.

1667-ன் இறுதியில் லண்டன் ராயல் சொசைட்டியின் செயலாளர் ஓல்டன்பர்க் அவருக்குக் கடிதம் எழுதி, பட்டுப்புழு முதலியவற்றைப் பற்றிய செய்திகளைக் கேட்டிருந்தார். மால்பீஜி பட்டுப்புழுக்களை வளர்த்து அறுத்துப் பார்க்கத் தொடங்கினார். ஓயாத உழைப்பால் காய்ச்சலும் கண் அழற்சியும் வந்தன, விடவில்லை. புழுவுக்கு நுரையீரல் இல்லை, உடலின் பக்கங்களிலுள்ள துளைகள் வழியே மூச்சு விடுகிறது என்று கண்டார். கழிவை வெளியேற்றும் நுண்ணிய குழல்களையும் கண்டார். பள்ளியில் நாம் படித்த மால்பீஜியன் குழல்கள் இவையே. 1669-ல் ராயல் சொசைட்டி அந்த நூலை அச்சிட்டு, அவரைத் தன் உறுப்பினராகவும் ஏற்றது.

கழலைக்குள் புழு எப்படி வந்தது?

இனி மாசிக்காய்க்கு வருவோம். ஓக் மரத்தின் கழலைகளைப் பண்டைக் காலம் முதலே மக்கள் அறிவார்கள். மருந்துக்கும், தோல் பதனிடவும், சாயத்துக்கும் பயன்படுத்தினார்கள். மாசிக்காய்த் தூளையும் அன்னபேதியையும் பிசினோடு கலந்தால் அழியாத கறுப்பு மை கிடைக்கும். பல நூற்றாண்டுகள் ஐரோப்பாவில் பத்திரங்களும் கடிதங்களும் அந்த மையில்தான் எழுதப்பட்டன. மால்பீஜி தம் ஆராய்ச்சிக் குறிப்புகளை எழுதிய மையும் அதுவாகவே இருந்திருக்க வேண்டும்.

கழலையை உடைத்தால் உள்ளே புழு இருப்பதையும் எல்லோரும் அறிந்திருந்தனர். ஆனால் துளையே இல்லாத காய்க்குள் புழு எப்படிப் புகுந்தது? மரமே புழுவை ஈன்றது என்று பலர் நம்பினர். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே இத்தாலியில் பிரான்செஸ்கோ ரெடி என்ற அறிஞர், அழுகிய இறைச்சியில் புழு தானாகத் தோன்றுவதில்லை, ஈ முட்டையிடுவதால்தான் தோன்றுகிறது என்று 1668-ல் சோதனை செய்து காட்டியிருந்தார். அப்பேர்ப்பட்டவரே கழலை விஷயத்தில் தடுமாறிவிட்டார். மரத்துக்குள் உள்ள உயிராற்றல்தான் அந்தப் புழுவை உண்டாக்குகிறது என்றே அவரும் எழுதினார்.

மால்பீஜி வாதம் செய்யவில்லை. ஓக் மரத்தடிக்குப் போனார். பல பருவங்களில் கழலைகளைப் பறித்து அறுத்து, சிறிது முதல் பெரிது வரை வரிசைப்படுத்திப் பார்த்தார். ஒரு முறை, மலரத் தொடங்கிய ஓக் மொட்டின் மேல் சிறு குளவி ஒன்று அமர்ந்து வயிற்று நுனியிலுள்ள ஊசியைச் செருகிக்கொண்டிருப்பதை நேரிலேயே கண்டுவிட்டார். மொட்டைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே மிக நுண்ணிய முட்டைகள். குளவியின் வயிற்றை அறுத்துப் பார்த்தார். அங்கும் அதே போன்ற முட்டைகள். மர்மம் அவிழ்ந்தது.

1675-லும் 1679-லும் இரண்டு பாகங்களாக வெளிவந்த அவருடைய தாவர உள்ளமைப்பு நூலின் இரண்டாம் பாகத்தில், கழலைகளுக்கென்றே தனிப் பகுதி எழுதினார். ஓக் மட்டுமல்லாமல் வேறு பல செடிகளின் கழலைகளுக்கும் அழகிய படங்கள் சேர்த்தார். அவருடைய மாணவர் வல்லிஸ்னேரி பின்னர் இந்த முடிவை மேலும் உறுதி செய்தார்.

மரம் கட்டிக் கொடுக்கும் வீடு

கழலை வளரும் விதத்தைப் பற்றி மால்பீஜிக்குப் பின் வந்தவர்களும் சேர்த்து இன்று நமக்குத் தெரிந்திருப்பது இதுதான்.

பெண் குளவி மொட்டு, இலை, இளந்தண்டு போன்ற வளரும் பாகத்தையே தேர்ந்தெடுக்கும். முற்றிய பாகம் அதற்கு உதவாது. முட்டை பொரிந்து புழு வெளிவந்ததும், அதன் வாயிலிருந்து ஊறும் நீர் சுற்றியுள்ள செல்களைத் தூண்டுகிறது. மரம் தன் இயல்பான வளர்ச்சியை மறந்து, புழுவைச் சுற்றிப் புதிய சதையை வளர்க்கிறது. புழு நடுவில் ஓர் அறைக்குள் அடைபடுகிறது.

அந்த அறையின் உட்சுவர் மாவும் புரதமும் கொழுப்பும் நிறைந்த மெல்லிய சதை. அதுவே புழுவின் உணவு. அதற்கு வெளியே கொட்டாங்கச்சி போல் கடினமான ஓர் உறை. அதற்கும் வெளியே துவர்ப்பு மிகுந்த தடித்த பகுதி. நாம் உரைகல்லில் உரைப்பது பெரும்பாலும் இந்தப் பகுதியைத்தான். உண்ண உணவு, பதுங்க அறை, காவலுக்குக் கோட்டை மூன்றையும் மரமே கட்டிக் கொடுத்துவிடுகிறது. புழுவும் ஓர் ஒழுங்கு காக்கிறது. வளர்ந்து முடியும்வரை அது கழிவை வெளியேற்றுவதில்லை. ஆகவே உண்ணும் அறை அசுத்தமாவதில்லை.

இன்னொரு வியப்பு. ஒரே ஓக் மரத்தில் ஒரு குளவி உண்டாக்கும் கழலை ஆப்பிள் பழம் போலிருக்கும். மற்றொன்று இலையடியில் பட்டாணி போலிருக்கும். வேறொன்று பஞ்சு உருண்டை போலிருக்கும். சதை மரத்தினுடையது, உருவம் குளவியின் உத்தரவு. கழலையைப் பார்த்தே இன்ன குளவி என்று சொல்லிவிடலாம். இக்குளவிகளில் பலவற்றுக்கு ஒரு தலைமுறை பெண்களாகவே பிறக்கும். அடுத்த தலைமுறையில் ஆணும் பெண்ணும் பிறக்கும். இரண்டு தலைமுறையின் கழலையும் வெவ்வேறு உருவில் இருக்கும். இதை 1881-ல் ஜெர்மானியரான ஆட்லர் விளக்கினார்.

மால்பீஜி ஓரிடத்தில் மட்டும் சிறிது தவறினார். முட்டையிடும்போது தாய்க் குளவி செலுத்தும் நீரே மரத்தை வீங்கச் செய்கிறது என்று கருதினார். ஓக் கழலையில் பெரும்பங்கு புழுவினுடையது என்பது 200 ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. ஆனால் பூச்சியிடமிருந்து வரும் ஒரு பொருள்தான் மரத்தை ஆட்டிவைக்கிறது என்ற அடிப்படையை அவர் சரியாகவே பிடித்துவிட்டார்.

பயனற்ற வேலை என்றார்கள்

இத்தனை செய்தவருக்குச் சொந்த ஊரில் மாலை விழவில்லை. 1684-ல் அவர் வீடு தீப்பற்றி எரிந்தது. நுண்ணோக்கிகளும் எழுதி வைத்த பிரதிகளும் அழிந்தன. செய்தி கேட்ட ராயல் சொசைட்டியினர் அனுதாபம் காட்டினர். 1689-ல் பழைய பகையாளியான ஸ்பராலியா ஒரு நூலை வெளியிட்டார். பூச்சியையும் புல்லையும் நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருப்பதால் ஒரு நோயாளியாவது குணமாவானா என்பது அதன் சாரம். மால்பீஜி அதற்கு விரிவான மறுமொழி எழுதி வைத்தார். அது அவர் இறந்தபின் 1697-ல்தான் லண்டனில் அச்சாயிற்று.

1691-ல் போப் பன்னிரண்டாம் இன்னசென்ட் அவரைத் தம் சொந்த மருத்துவராக ரோமுக்கு அழைத்தார். அப்போது அவர் கீல்வாதத்தாலும் சிறுநீரகக் கல்லாலும் அவதிப்பட்டுக்கொண்டிருந்தார். சிறுநீரகத்தின் நுண்ணமைப்பைக் கண்டு சொன்னவர் அவரே என்பதை எண்ணினால் மனம் கனக்கிறது. 1694-ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில், 66-ஆம் வயதில், ரோமில் காலமானார். உடல் பொலோனாவுக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. தாவரவியலார் ஒரு செடிக் குடும்பத்துக்கே அவர் பெயரைச் சூட்டியுள்ளனர். நம் வீட்டு முற்றங்களில் சிவப்பாகப் பழுக்கும் வெஸ்ட் இந்தியன் செர்ரி அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

நம் மலையில் வந்த குளவி

ஓக் மரம் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இயற்கையாக வளர்வதில்லை, இமயமலையில் உண்டு. மிளகுக் கொடி படர இப்போது பலர் நடும் சில்வர் ஓக், பெயரில்தான் ஓக்; அது ஆஸ்திரேலிய மரம், வேறு குடும்பம். ஆயினும் மால்பீஜியின் பாடம் நம் மலைக்கே தேவைப்பட்ட காலம் ஒன்று வந்தது.

2005, 2006 வாக்கில் கேரளத்தில் முள்முருக்கு மரங்களில் ஒரு விசித்திரம் தோன்றியது. மலையாளத்தில் முரிக்கு என்றும், தமிழ்நாட்டில் கல்யாண முருங்கை என்றும் சொல்லும் மரம். இடுக்கி மலைத் தோட்டங்களில் மிளகுக் கொடிக்கு இதுதான் காலங்காலமாகக் கால்மரம். அதன் தளிரும் இலைக்காம்பும் முடிச்சு முடிச்சாக வீங்கின, இலைகள் சுருண்டு உதிர்ந்தன, மரங்கள் பட்டுப்போயின. மரம் சாய்ந்தால் அதைப் பற்றிய கொடியும் சாயும். பல ஆண்டு வளர்த்த கொடி ஒரே மழைக்காலத்தில் மண்ணில் கிடப்பதைப் பார்ப்பது எளிதல்ல.

கம்பம்மெட்டுப் பக்கம் என் தாய்மாமனுக்குச் சிறிது நிலம் உண்டு. விடுமுறையில் போயிருந்தபோது அங்கே இதே பேச்சு. உரம் மாறிவிட்டது என்றார் ஒருவர். பக்கத்து ஏலத்தோட்டத்தில் அடிக்கும் மருந்தின் விளைவு என்றார் மற்றொருவர். கண்ணேறு என்று சொன்னவர்களும் உண்டு. மாமா எதுவும் சொல்லவில்லை. அந்த ஆண்டு கடனை எதைக் கொண்டு அடைப்பது என்பதே அவர் கவலை. நான் வீங்கிய காம்பு ஒன்றை எடுத்து, சவரப் பிளேடால் வெள்ளைத் தாளின் மேல் வகுந்து பார்த்தேன. உள்ளே சின்னச் சின்ன அறைகள்; அறைக்கு ஒன்றாக வெள்ளைப் புழு. மாமாவிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். எதிரி இன்னார் என்று தெரிந்ததே ஓர் ஆறுதல் போலிருந்தது.

அது ஒன்றரை மில்லிமீட்டர் அளவேயான குளவி. 2004-ல்தான் அதற்கு அறிவியல் பெயரே வைத்தார்கள். தைவான், சிங்கப்பூர், ஹவாய் என்று கடல் கடந்து பரவிய பூச்சி அது. ஓக் குளவியின் குடும்பம் அல்ல. ஆனால் தொழில் ஒன்றே. ஹவாய்த் தீவுகளில், இக்குளவியின் புழுவைத் தின்னும் வேறொரு குளவியை ஆப்பிரிக்காவின் தான்சானியாவிலிருந்து கொண்டுவந்து 2008-ல் விட்டார்கள், பலனும் கண்டார்கள். வீங்கிய இலைக்குள் இருப்பது பூச்சி என்று தெரிந்ததால்தான் அந்தப் பூச்சிக்கு எதிரியைத் தேட முடிந்தது.

பாலக்காட்டு நெல் விவசாயிகளுக்கும் கழலை புதிதல்ல. ஆனைக்கொம்பன் விழுந்த பயிரில் கதிர் வராமல் வெங்காயத்தாள் போல் வெண்மையாக ஒரு குழல் நீளுகிறதே, அதுவும் கழலைதான். செய்வது கொசு போன்ற ஒரு ஈ. மாவிலையில் காணும் பரு ஒருவகைச் சிற்றீயின் வேலை. மிளகு இலையின் ஓரம் சுருள்வது இலைப்பேனால். இந்த இலைப்பேன் இனத்தை ஆராய்ந்து புகழ்பெற்றவர் கோவை வேளாண் கல்லூரியில் பணியாற்றிய டி. வி. ராமகிருஷ்ண அய்யர். பெயரின் முதலெழுத்தே பாலக்காட்டுத் தாரேக்காட்டைக் குறிப்பது. தென்னிந்தியப் பயிர்ப் பூச்சிகளைப் பற்றி அவர் எழுதிய கையேடு 1940-ல் வெளிவந்தது. இந்தியாவின் தாவரக் கழலைகளைத் தொகுத்து 1973-ல் தனி நூலாகத் தந்தவர் எம். எஸ். மணி. இவர்கள் எல்லோரும், மால்பீஜி ஓக் மரத்தடியில் தொடங்கிய பாதையில் நடந்தவர்களே.

பூச்சியையும் புல்லையும் பார்ப்பதால் யாருக்குப் பயன் என்று ஸ்பராலியா கேட்ட கேள்விக்கு, மால்பீஜியின் காலத்தில் முழு விடை இல்லை. மூன்று நூற்றாண்டுக்குப் பின் இடுக்கியின் மிளகுத் தோட்டத்தில் அதற்கு விடை கிடைத்தது. மாமாவின் நிலத்தில் இப்போது முருக்கு இல்லை. வேறு மரங்களில் கொடி ஏறியிருக்கிறது. அடுத்த முறை உரைகல்லில் மாசிக்காயை வைக்கும்போது, அதில் துளை இருக்கிறதா என்று ஒரு கணம் பாருங்கள். அந்தத் துளையின் கதையை நமக்குச் சொன்னவர், தீயில் தம் கருவிகளை இழந்தும் பார்ப்பதை நிறுத்தாத ஒரு மருத்துவர்.